அண்ணன் மகன் சிகரெட் பிடிக்கிறான், ஹாஸ்டலில் விட்டால் சரியாகுமா?

கேள்வி (அத்தை)

அண்ணன் மகனுக்கு 16 வயது, பதினொன்றாவது படிக்கிறான். 2 வருடத்துக்கு முன் வத்தலக்குண்டு போகும் வழியில் அண்ணன் ஓட்டிய பைக்கை லாரி தட்டிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த இவன் கையில் சிராய்ப்போடு தப்பினான். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்பா பக்கத்திலேயே இருந்திருக்கிறான். அண்ணன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

காரியம் முடியும்வரை பையன் அழவில்லை. "ஆம்பளப் பிள்ள, தைரியமா இருக்கான்" என்று எல்லாரும் சொன்னோம். நானும்தான்.

போன வாரம் அவன் ஜாமெட்ரி பாக்ஸில் லைட்டர், 3 சிகரெட், உதட்டுக்குள் ஒதுக்குகிற புகையிலைப் பாக்கெட். மதினி விளக்குமாற்றால் அடித்தார். தடுக்கக்கூட இல்லை, நின்று வாங்கிக்கொண்டான். 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாதென்று 2003லேயே சட்டம் வந்தாச்சு. பெட்டிக்கடைக்காரர் சில்லறையாகக் கொடுக்கிறார்.

இன்னொன்று. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு வெளியே போய்விடுவான். 10 நிமிடத்தில் கொய்யா இலையை மென்றுகொண்டு திரும்புவான். வயிற்றுக்கு நல்லதென்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன்.

விபத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா, இல்லை சேர்க்கை சரியில்லையா? ஹாஸ்டலில் விடலாம் என்கிறார் மதினி.

பதில் 1

எங்கள் காலத்தில் பெல்ட்டை உருவினாலே போதும். அப்பா இல்லாத பிள்ளை என்று செல்லம் கொடுத்தால் இப்படித்தான்.

பதில் 2 (மனநல ஆலோசகர்)

அம்மா, சம்பந்தம் உண்டு. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு உடம்பின் அபாய மணி சிலருக்கு அணைவதே இல்லை. சைரன் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய் அதைக் கொஞ்சம் தணித்த மாதிரி காட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது இறங்கும்போது மறுபடி படபடப்பு. எது பழைய பயம், எது புகையிலை கேட்கும் பயம் என்று பையனுக்கே பிரித்துத் தெரியாது.

அமெரிக்காவில் 1998ல் வந்த ஓர் ஆய்வு பிரபலம். அடி, வீட்டில் குடி, அம்மாவை அடிப்பது போல 7 வகைத் துன்பங்களில் நாலோ அதற்கு மேலோ சிறுவயதில் பட்டவர்களுக்குக் குடிநோய், போதைப்பழக்கம் எல்லாம் பல மடங்கு அதிகம் என்றது. விபத்துச் சாவு அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதனால் அந்தக் கணக்கை வைத்து இவனுக்கு ஜோசியம் பார்க்காதீர்கள்.

விபத்தைப் பற்றித் துருவவும் வேண்டாம். தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) இலவசம், தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். அதிர்ச்சிக்கும் புகையிலைக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்திய முதல் சில நாட்கள் எரிந்து விழுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 3

நான் அந்த ஹாஸ்டலுக்குப் போனவன். அப்பா குடிகாரர். தெருமுனையில் அவருடைய டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு இறுகும். 15 வயதில் முதல் பீர். ருசி பிடிக்கவே இல்லை, ஆனால் அன்றைக்கு ராத்திரி தூங்கினேன். ஹாஸ்டலில் விட்டார்கள். வீட்டில் ஒளித்துக் குடித்ததை அங்கே நாலு பேரோடு குடித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். பெல்ட் அண்ணாச்சிக்கு: நானும் நின்று வாங்கியவன்தான். அடி விழும் நேரத்துக்கு மட்டும் வேறு நினைப்பு வராது.

அத்தை (9 நாள் கழித்து)

14416க்குப் பேசினேன். ஹாஸ்டல் பேச்சை மதினி விட்டுவிட்டார்.

நேற்றும் ஆம்புலன்ஸ் போனது. அவன் எழுந்தான், நானும் பின்னாலேயே கொய்யா மரத்தடிக்குப் போனேன். சிகரெட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ராத்திரி தூங்குறியாடா?" என்றேன். ரொம்ப நேரம் கழித்து, "லாரிக்காரன் ஹாரன் அடிச்சான் அத்தை. நான்தான் அப்பாகிட்ட பேசிக்கிட்டே வந்தேன்" என்றான்.

செவ்வாய்க்கிழமை ஓபி சீட்டு போடப் போகிறோம். மதினியும் வருகிறார். 2 பஸ் மாற வேண்டும், பைக்கில் அவன் ஏற மாட்டான்.