மறுமொழி: 'நிலையான மெழுகுவர்த்தி'க்குப் பதில் அளவுச்சுடர்?

வணக்கம்.

அல்சூரில் பிள்ளைகளுக்கு நடத்தவிருக்கும் வானியல் வகுப்பின் பாடக்குறிப்பில் 'standard candle' என்பதை, அதாவது உண்மையான ஒளிர்வு நமக்குத் தெரிந்த, அதனால் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்தே தொலைவைக் கணக்கிட உதவும் வான்பொருளை, 'நிலையான மெழுகுவர்த்தி' என்றே போட்டுவிடலாம் என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. மெழுகுவர்த்தியைக்கூட விடுங்கள், 'நிலையான' தான் உதைக்கிறது. அப்படித் தொலைவு அளக்க உதவும் செஃபீட் வகை விண்மீன் நிலையாகவா எரிகிறது? வீங்கிச் சுருங்கி, சில நாளுக்கோ சில வாரத்துக்கோ ஒருமுறை ஒளி கூடிக் குறைகிறது. மாறாதது, அந்தத் துடிப்புக்காலத்துக்கும் அதன் உண்மையான ஒளிர்வுக்கும் உள்ள உறவு. ஹார்வர்டில் ஒளிப்படத் தட்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஹென்ரியெட்டா லெவிட், சிறிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தின் 25 விண்மீன்களைக் கொண்டு 1912இல் அதைக் காட்டினார். அவை எல்லாம் நமக்கு ஏறக்குறைய ஒரே தொலைவில் இருந்ததால்தான் உறவு பளிச்சென்று தெரிந்தது. துடிப்புக்காலம் ஒத்த இரண்டில் ஒன்று 100 மடங்கு மங்கலா? அப்படியென்றால் 10 மடங்கு தள்ளி இருக்கிறது (நடுவில் தூசி மறைக்காத வரை).

என் பரிந்துரை: அளவுச்சுடர். தையல்கடையில் 'அளவு ஜாக்கெட் கொண்டுவந்தீங்களா?' என்று கேட்கிறார்களே, அந்த 'அளவு'தான். அளவு ஜாக்கெட்டே மாறிப்போன கதையும் வானியலில் உண்டு. 1923இல் ஆண்ட்ரோமெடாவில் ஒரு செஃபீடைக் கண்ட வானியலாளர் ஹபிள், தொலைவை ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு என்று கணக்கிட்டார். அது நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி விண்மீன் மண்டலம் என்பதில் பிழையில்லை. ஆனால் செஃபீடில் இரண்டு வகை இருக்கிறது, ஒன்றின் ஒளிர்வை மற்றதற்குப் போட்டுவிட்டார்கள் என்று 1952இல் வானியலாளர் வால்டர் பாடே சொன்னதும் தொலைவு இரட்டித்தது. இன்றைய மதிப்பு சுமார் 25 லட்சம்.

'தரச்சுடர்' என்றும் ஒருவர் சொன்னார். ஐஎஸ்ஐ முத்திரைதான் நினைவுக்கு வருகிறது, வேண்டாம்.

அப்புறம், ஈர்ப்பலையை (வெளியையே அதிரவைத்துப் பரவும் அலை) வைத்துத் தொலைவு அளப்பதை 'standard siren' என்கிறார்கள். 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது அப்படித்தான் அளந்தார்கள். சுமார் 13 கோடி ஒளியாண்டு. மில்லில் ஊதுவதை நாம் சங்கு என்றுதானே சொல்கிறோம்? அதனால் அளவுச்சங்கு. மூன்றாவது 'standard ruler', அதாவது உண்மையான நீளம் தெரிந்த ஒன்றை வைத்துத் தொலைவு அளப்பது; அதற்கு அளவுகோல் என்ற சொல் ஏற்கெனவே மொழியில் இருக்கிறது, புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை குறிப்புகள் அச்சுக்குப் போகின்றன.