குடும்பக் குழு: ஜப்பானியர்களின் மதக் கணக்கு

பெரியப்பா: ஜப்பானில் கேட்டால் பெரும்பாலோர் "எனக்கு மதம் இல்லை" என்கிறார்கள். அரசு வெளியிடும் கணக்கிலோ மத உறுப்பினர்களின் கூட்டுத்தொகை மக்கள்தொகையையே தாண்டுகிறது. எப்படியம்மா?

ஒசாகா அக்கா: அது கோயில்கள் கொடுக்கும் கணக்கு பெரியப்பா. ஜப்பானின் சொந்த மதமான ஷின்தோவின் கோயில் தன் வட்டாரத்தில் குடியிருப்பவர்களை எல்லாம் எழுதிக்கொள்ளும். அதே வீட்டைப் புத்த கோயிலும் எழுதிக்கொள்ளும். அந்தக் கணக்கில் தாம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

சின்ன அத்தை: அப்படியானால் எல்லாம் பெயரளவுக்குத்தானா?

ஒசாகா அக்கா: இல்லை அத்தை, கல்லறை இருக்கிறதே! 17-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தடைசெய்த தோகுகாவா ஆட்சி, ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த கோயிலில் பதிந்து "கிறிஸ்தவர் அல்ல" என்று சான்று வாங்கவேண்டும் என்றது. 1870-களில் கட்டாயம் போய்விட்டது. ஆனால் தாத்தா, பாட்டியின் அஸ்தி அந்தக் கோயிலில்தான் இருக்கிறது. அதை விட்டு யார் விலகுவார்கள்?

தம்பி: கோயில் கூரையைச் சீர்செய்யவும் நன்கொடை கேட்பார்களாமே?

ஒசாகா அக்கா: கேட்பார்கள். அதனால்தான் இப்போது சிலர் ஊர்க் கல்லறையை மூடிவிட்டு அஸ்தியை நகரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

பெரியப்பா: சோகா கக்காய் என்ற புதிய புத்த அமைப்பு? அங்கே முன்னோர் கல்லறை இழுக்கவில்லையே.

ஒசாகா அக்கா: அங்கே இழுத்தது தனிமை. 1930-இல் தொடங்கினாலும் பெருகியது 1950, 60-களில்தான். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து சிறு பட்டறையிலும் கடையிலும் உழைத்தவர்கள் சேர்ந்தார்கள். பெரிய கம்பெனி ஊழியருக்குத் தொழிற்சங்கம் இருந்தது, இவர்களுக்கு ஒரு நாதியும் இல்லை. வறுமை, நோய், வீட்டுச் சண்டை மூன்றும்தான் இத்தகைய அமைப்புகளுக்கு ஆள் சேர்த்தன என்பார்கள். யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பேசுவார்கள். ரிஷ்ஷோ கோசெய்காய் என்ற இன்னொரு புத்த அமைப்பில் வட்டமாக உட்கார்ந்து, மாமியார் தொல்லைவரை கொட்டித் தீர்க்கலாம்.

சின்ன அத்தை: இதற்காகவே நான் சேர்ந்துவிடுவேன் 😄

பெரியப்பா: 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு வைத்த ஓம் ஷின்ரிக்யோ கூட்டமும் இப்படித்தானே ஆள் பிடித்தது?

ஒசாகா அக்கா: அது யோகா வகுப்பாகத் தொடங்கியது பெரியப்பா. உள்ளே போனவர்களில் அறிவியல் படித்த இளைஞர்களும் உண்டு, வறுமையைக் காரணம் சொல்லமுடியாது. அதற்குப் பிறகு மத அமைப்பு என்றாலே மக்கள் ஒதுங்குகிறார்கள். 2022-இல் முன்னாள் பிரதமர் அபேயைச் சுட்டவனின் தாய் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்புக்குக் கொட்டிக் கொடுத்துக் குடும்பமே நொடித்துப்போனது. அதிலிருந்து வெறுப்பு இன்னும் கூடிவிட்டது.

தம்பி: பிறகு யார்தான் சேர்கிறார்கள்?

ஒசாகா அக்கா: புதிதாக வருபவர் குறைவு. உறுப்பினர்களின் பிள்ளைகளைக் குழந்தையிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

பெரியப்பா: தாமாகச் சேர்ந்தவர்களின் பேரனும் கடைசியில் வீட்டுக் கணக்கில்தான் வருகிறான் என்று சொல்.

சின்ன அத்தை: உன்னை யாரும் கூப்பிடவில்லையா?

ஒசாகா அக்கா: கூப்பிட்டார்கள். போனேன், தேநீர் அருமை. படிவத்தை மட்டும் வாங்கவில்லை.