தரம் 3, 4, 5 விளையாட்டுப் போட்டி: பங்குபற்றிய எல்லாப் பிள்ளைக்கும் பதக்கம் கொடுப்பதா?

வாவிக்கரை:
மட்டக்களப்பில ஒரு பாடசாலை. ஆரம்பப் பிரிவில் 180 பிள்ளைகள், மூன்று இல்லம் (போட்டி அணிகள்), மார்ச் முதல் வாரம் போட்டி. 180 பேருக்கும் பதக்கம் வாங்கப் பழைய மாணவர் ஒருவர் காசு தர முன்வந்திருக்கிறார். "வென்ற பிள்ளைக்கும் கடைசியா வந்த பிள்ளைக்கும் ஒரே பதக்கமா?" என்று பெற்றோரில் பாதிப் பேர் கேட்கிறார்கள். "எட்டு வயதுப் பிள்ளையை வெறுங்கையோட அனுப்புறதா?" என்று மற்றப் பாதி. வெள்ளிக்கிழமை கூட்டம். எந்த முறை சரிவரும், எங்கே பிழைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கல்முனைத்தடம்:
வயதைப் பிரிக்காமல் இதற்கு விடை இல்லை. தரம் 3 பிள்ளைக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள், தயங்க வேண்டாம். நோர்வேயில் சிறுவர் விளையாட்டு விதியே அப்படித்தான்: 12 வயது வரை பரிசு கொடுப்பதென்றால் பங்குபற்றிய எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், 11 வயதுக்கு முன் தரவரிசைப் பட்டியல் கிடையாது. அதனால் அங்கே போட்டிக்குணம் செத்துப்போகவில்லை. 400 மீற்றர் தடைதாண்டலில் 45.94 செக்கன் உலக சாதனை வைத்த வார்ஹோல்ம் நோர்வேக்காரர்தான்.

இதற்குக் காரணம் வெறும் இரக்கம் அல்ல. ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கும் ஏறக்குறைய 12 மாத இடைவெளி. இந்த வயதில் ஒரு வருடத்துக்கு ஐந்தாறு சென்ரிமீற்றர் உயரம் கூடும். இரண்டு வயதைச் சேர்த்த பிரிவென்றால் இடைவெளி 24 மாதம் வரை போகும். அங்கே கொடுக்கிற முதலாமிடத்தில் பாதி பிறந்த திகதிக்குக் கொடுக்கிற பரிசு.

ஆனால் ஒன்று: "ஓடினா மெடல் தருவம்" என்று முன்கூட்டியே சொல்லி ஆசை காட்டாதீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் செய்த சோதனையில், படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லி வரையவைத்த பிள்ளைகள் பிறகு தாமாக வரைந்த நேரம் மற்றவர்களின் பாதி அளவுக்குக் குறைந்தது. சொல்லாமல் கொடுத்த பிள்ளைகளுக்கு அந்தக் குறைவு வரவில்லை. கொடுப்பதைப் போட்டி முடிந்த பிறகு கொடுங்கள், நோட்டீசிலும் போடவேண்டாம்.

சுண்ணாம்புக்கோடு:
பதக்கத்தை விட்டு முன்னேற்ற அட்டைக்குப் போங்கள். ஏ4 அட்டையை இரண்டாக வெட்டினால் 90 தாளில் 180 பேருக்கும் வந்துவிடும். பிள்ளையின் பெயர், இல்லம், தையில் எடுத்த முதல் அளவு, மார்ச்சில் எடுத்த இரண்டாவது அளவு, கூடின அளவு. பக்கத்துப் பிள்ளை எவ்வளவு பாய்ந்தது என்பது இதில் வராது.

எதை அளக்கிறீர்கள் என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். 60 மீற்றர் ஓட்டத்தை எடுக்க வேண்டாம். கைக் கடிகாரத்தில் 0.2 செக்கன் முன்னேற்றம் என்றால் அது பிள்ளையின் காலா, பிடித்தவரின் விரலா என்று யாராலும் சொல்ல முடியாது. தொடக்கச் சத்தம் 60 மீற்றர் வந்து சேரவே கிட்டத்தட்ட 0.2 செக்கன் எடுக்கும். ஓட்டத்தை அளந்தேயாகவேண்டும் என்றால் சத்தத்துக்கு அமத்தாமல், ஓட்டத்தைத் தொடங்கிவைப்பவர் பலகை தட்டுவதைக் கண்ணால் பார்த்து அமத்துங்கள்.

நின்றபடி நீளம் பாய்தல் நல்லது. கோட்டுக்குப் பின்னால் இரண்டு காலும், ஆளுக்கு மூன்று பாய்ச்சல், மிகக் கூடியதை எழுதுங்கள். கோட்டுக்குக் கிட்ட உள்ள குதிக்கால் அடையாளத்தில் இருந்து அளக்கவேண்டும். பின்னால் கை ஊன்றி விழுந்தால் கைபட்ட இடம்தான் கணக்கு. டேப் கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கட்டும், சரிந்தால் அளவு பொய்யாகக் கூடும். இரண்டாவதாக டெனிஸ் பந்து எறிதல்: பந்து முதலில் விழுந்த இடம், உருண்டுபோன இடம் அல்ல.

இன்னொரு பொறி நம் மண். தையில் மழை ஈரத்தில் இறுகிக் கிடக்கும் மைதானம் மார்ச்சில் காய்ந்து புழுதி மணலாகும். காய்ந்த மணலில் உந்த முடியாது, நன்றாகப் பயிற்சி செய்த பிள்ளைக்கே அளவு குறைந்து நிற்கும். இரண்டு அளவையும் ஒரே சிமெந்துத் தரையில் இருந்து பாயவைத்து, விழுகிற இடத்தில் மட்டும் மணல் போடுங்கள். சப்பாத்தோ வெறுங்காலோ, இரண்டு தரமும் ஒன்றாக இருக்கவேண்டும்.

15 பேர் கொண்ட குழுவுக்கு மூன்று பாய்ச்சல், ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால் 22 நிமிடம். உடற்கல்விப் பாடவேளையில் முடியும். போட்டி நாளில் வைக்காதீர்கள்.

பந்துக்கூடை:
முன்னேற்ற அட்டை நல்லதுதான், ஆனால் ஏற்கெனவே நன்றாகப் பாய்கிற பிள்ளைக்குக் கூட்ட இடம் குறைவு. முதல் அளவை வேண்டுமென்றே குறைத்துப் பாய்கிற கெட்டிக்காரரும் வருவார்கள். அதனால் அட்டையை இல்லப் புள்ளியோடு இணைக்க வேண்டாம்.

13 வயதுக்குப் பிறகு பங்குபற்றியதற்குப் பதக்கம் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. நாளைக்கு வெபர் மைதானத்தில் மாவட்டப் போட்டிக்கு நிற்கப்போகிற பிள்ளைக்குத் தான் எந்த இடம் என்று உண்மையாகத் தெரியவேண்டும். ஒலிம்பிக்கிலும் எல்லாருக்கும் பங்குபற்றல் பதக்கம் உண்டு, முதல் எட்டுப் பேருக்குச் சான்றிதழ் உண்டு. ஆனால் தங்கம் வேறு, அது வேறு என்று அங்கே யாரும் குழம்புவதில்லை. உருவத்திலேயே பிரித்துவிடுகிறார்கள்.

வாவிக்கரை:
நன்றி. அப்ப 180 பேரையும் மேடைக்குக் கூப்பிட்டு அட்டை குடுக்கலாமா? அண்டைக்கு வராத பிள்ளைக்கு?

சுண்ணாம்புக்கோடு:
மேடை வேண்டாம். ஆளுக்கு 15 செக்கன் என்றாலும் 45 நிமிடம், அதுவும் வெயிலில். முதல் மூன்று இடத்துக்கு மட்டும் மேடை. அட்டையை அடுத்த நாள் காலை வகுப்பாசிரியர் பிள்ளையின் பெயரையும் அளவையும் வாசித்துக் கையில் கொடுக்கட்டும். காய்ச்சலில் வராத பிள்ளைக்கு இரண்டாவது அளவை அந்த வாரத்துக்குள் எடுத்து நிரப்புங்கள், வெறும் அட்டை கொடுக்காதீர்கள். சக்கர நாற்காலியில் உள்ள பிள்ளை பாய்தலுக்குப் பதில் பந்து எறிதலில் இரண்டு அளவும் எடுக்கலாம். நாற்காலியின் சில்லை இறுக்கி, முன்சில்லு கோட்டுக்குப் பின்னால் நிற்கிறதா என்று பாருங்கள்.

கல்முனைத்தடம்:
காசு தருகிறவரிடம் பதக்கத்துக்குப் பதிலாக 30 மீற்றர் டேப் இரண்டும் டெனிஸ் பந்து 24உம் கேளுங்கள். மிச்சக் காசில் தண்ணீரும் நிழற்கூடாரமும்.