கழுத்து ஸ்கேனில் 40% அடைப்பு: எடுத்தது நல்லதா, தேவையில்லாத வேலையா?

மேகலா_மதுரை:
அப்பாவுக்கு 61 வயது, பிரஷர் உண்டு. முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் கழுத்து டாப்ளரும் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்தார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கரோடிட் தமனியில் கொழுப்புப் படிவு, 40% அடைப்பாம். பக்கவாத அறிகுறி எதுவும் வந்ததில்லை. ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை. இதை எடுத்திருக்கவே வேண்டுமா?

செந்தில்வேல்:
வேண்டியதில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2014இல் சொன்னது, 2021இலும் அதையே சொன்னது. கடும் அடைப்பு நூறில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். இல்லாதவருக்கும் இருப்பதாகக் காட்டும். அப்புறம் ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ, அடைப்பை நீக்க அறுவை. அந்த அறுவையிலேயே பக்கவாதம் வரலாம்.

நூர்ஜஹான்:
தம்பி, நீங்கள் பேசுவது அறுவைக்கு ஆள் தேடும் சோதனை. 40 சதவீதத்துக்கு யாரும் கத்தி வைக்கப் போவதில்லை. படிவு தெரிந்தாலே ரத்தக்குழாய் நோய் தொடங்கிவிட்டது. மாரடைப்புக்கும் அது எச்சரிக்கைதான். ஸ்வீடனில் விப்விசா ஆய்வில் 3,000க்கும் மேற்பட்டோருக்கு இந்த ஸ்கேன் எடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் முடிவைப் படமாகக் காட்டினார்கள். ஓராண்டில் படம் பார்த்தவர்களின் ஆபத்து மதிப்பெண் (இதய, ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பின் கணக்கு) இறங்கியது, மற்றவர்களுக்கு ஏறியது.

செந்தில்வேல்:
மதிப்பெண் இறங்கியது சரி, பக்கவாதம் குறைந்ததா? அந்த ஓராண்டு முடிவு அதைச் சொல்லவில்லையே. பிரஷர், கொலஸ்ட்ரால், சர்க்கரை பார்த்தே ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) வேண்டுமா என்று முடிவெடுக்கலாம்.

நூர்ஜஹான்:
எடுக்கலாம். மாத்திரையை விழுங்க வேண்டுமே! என் வீட்டுக்காரர் இரண்டு வருடம் அட்டையைப் பிரிக்கவே இல்லை. திரையில் தன் கழுத்தைப் பார்த்த அன்று இரவுதான் முதல் மாத்திரை போட்டார்.

ஸ்கேன்_சுந்தர்:
ரேடியாலஜியில் இருக்கிறேன். 40 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ரத்த வேகம் நொடிக்கு 125 செ.மீ. தாண்டினால்தான் பொதுவாக 50%க்கு மேல் என்று எழுதுவோம். அதற்குக் கீழே வேகத்தை வைத்துத் துல்லியமாகப் பிரிக்க முடியாது. படிவு எப்படிப்பட்டது என்று கேளுங்கள். திரையில் கறுப்பாகத் தெரிவது கொழுப்பு நிறைந்த மென்படிவு. வெள்ளையாக இறுகியதைவிட அது உடையும் வாய்ப்பு அதிகம். மேற்பரப்பில் குழி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

செந்தில்வேல்:
அப்படிப் பார்த்துச் சொன்னால் எனக்கும் மறுப்பில்லை. ஒரு சதவீதத்தை மட்டும் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

மேகலா_மதுரை:
ரிப்போர்ட்டில் வேகம் 88 என்றிருக்கிறது. படிவு கறுப்பா வெள்ளையா என்று ஒரு வரிகூட இல்லை. நாளை அப்பாவோடு போய், படத்தைத் திரையில் காட்டி விளக்கச் சொல்லிக் கேட்கிறேன்.