நெடுந்தீவு, நயினாதீவு போறவைக்கு: படகு, காற்று, தங்கல்

யாழ்ப்பாணத் தீவுகளான நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் பாத்திட்டு வரலாமோ எண்டு கேட்ட தம்பிக்கு: இரண்டையும் ஒரே நாளுக்குள் அடக்கப் பாக்காதீங்கோ. இரண்டுக்கும் புங்குடுதீவில இருக்கிற குறிகட்டுவான் துறையிலதான் படகு ஏறவேணும், ஆனால் கணக்கு வேற. நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம் போதும், படகும் அடிக்கடி ஓடும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலமளவில் திறந்த கடல். படகு குறைவு, திரும்புற கடைசிப் படகு பின்னேரத்துக்கே வெளிக்கிட்டிடும். நயினாதீவில் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, கோயில் அன்னதான மண்டபமான அமுதசுரபியில் சாப்பிட்டு வர நெடுந்தீவுப் படகு போயிருக்கும்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்க பஸ் ஏறினால் பண்ணை, வேலணை, புங்குடுதீவு தாண்டித் துறையடியிலேயே இறக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், விடியவே ஏறுங்கோ. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி) நாளில் நயினாதீவிலுள்ள பௌத்த நாகவிகாரைக்கு வாற தென்பகுதிச் சனத்தால் துறையில் பெரிய வரிசை நிக்கும். ஆனியில் அம்மன் திருவிழா நேரமும் அப்பிடித்தான். நெடுந்தீவுக்கு மட்டும் போறதெண்டால் கிழமை நாளே நல்லம். அடையாள அட்டையைக் கையில் வைச்சிருங்கோ.

படகில் கீழ்த்தட்டுக்குள் இறங்கினால் வெயிலும் தண்ணியும் படாது, ஆனால் இயந்திரச் சூடும் டீசல் மணமும் சேர்ந்து சத்தி வரப்பண்ணும். தலைசுத்து உள்ளவை வாசல் பக்கம், காத்துப் படுற இடத்தில இருங்கோ. வெறும் வயித்தோடயும் ஏறக்கூடாது, வயிறு முட்டவும் கூடாது.

—

அண்ணை சொன்னது சரி. நான் காற்றைச் சொல்லுறன். தைப்பொங்கல் கழிய சித்திரை வரைக்கும் கடல் படுத்திருக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் எண்ட தென்மேற்குக் காற்று தொடங்கினால் நெடுந்தீவுக் கடலில் அலை தூக்கும், பை எல்லாம் நனையும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வாடைக்காற்றும் மழையும். கடலில் தாழமுக்கம் (காற்றழுத்தத் தாழ்வு) எண்டால் படகை நிப்பாட்டிப்போடுவினம். அந்த மாதங்களில் வாறவை விமானத்துக்கு முதல்நாள் தீவில் நிக்கக்கூடாது. இடையில் ஒரு நாள் சும்மா விட்டு வையுங்கோ. பாதுகாப்பு அங்கியை அலை வந்த பிறகு தேடாமல் ஏறின உடனையே போடுங்கோ.

—

தங்கல் பற்றி. நெடுந்தீவில் ஓர் இரவாவது நிற்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பகல் படகில் வந்து போகிறவர்கள் உச்சி வெயிலில் ஓட்டோவில் சுற்றி, ஒல்லாந்தர் கோட்டை, பழைய புறாக்கூடு, பெருக்குமரம் (பாவோபாப்) என்று படம் எடுத்துத் திரும்புகிறார்கள். தீவில் காட்டுக்குதிரைகளாகத் திரியும் குதிரைகளை ஆறுதலாகப் பார்க்க விடியலும் பின்னேரமும்தான் நேரம்.

அறைகள் சிலதான், முன்கூட்டியே தொலைபேசியில் பேசி வையுங்கள். அப்போதே சாப்பாட்டையும் சொல்லிவிட வேண்டும்; சொல்லாமல் வந்தால் இரவுக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். படகு நேரமும் மாறும், அதையும் அவர்களிடமே கேளுங்கள். காசு நோட்டாகவே கொண்டுவாருங்கள். கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர், குடிக்கப் போத்தல் தண்ணீர் வேண்டும். ரோச், தொப்பி, நுளம்புக்குப் பூசும் மருந்து மறக்க வேண்டாம்.

நெடுந்தீவின் படகுத்துறையான மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரரிடம் இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லியே விலை பேசுங்கள். 'தீவைச் சுற்ற' என்று மட்டும் பேசினால் தெற்கிலுள்ள பழைய குவிந்தா கோபுரமும் மேற்கே வெடியரசன் கோட்டையும் விடுபட்டுப்போகும். சைக்கிளில் போகலாம், ஆனால் நிழல் மிகக் குறைவு.

வீட்டு வேலிகளை நின்று பாருங்கள். சாந்து கிடையாது, பவளக்கல்லைக் கல்மேல் கல்லாக அடுக்கியிருப்பார்கள். கிட்டப் போனால் ஒவ்வொரு கல்லிலும் பவளத்தின் வரிகள் தெரியும். மேலே ஏறாதீர்கள், ஒரு கல் அசைந்தால் பக்கத்துக் கற்களும் சேர்ந்து சரியும். கோடையில் குதிரைகள் தண்ணீருக்குத் தவிக்கும். அவை தொட்டிக்கு வரும்போது விலகி நில்லுங்கள். பிஸ்கற் கொடுத்துப் பழக்கவும் வேண்டாம்.

அனலைதீவு, எழுவைதீவு போகிறவர்கள் குறிகட்டுவானில் காத்திருக்காதீர்கள். அந்தப் படகுகள் ஊர்காவற்றுறையிலிருந்து புறப்படும். காரைநகர்ப் பக்கமிருந்து வந்தால் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறி ஊர்காவற்றுறைக்குக் கடக்கலாம்.