காணிக்கையைத் தனியே எண்ணிய நாட்கள்

சிறிய சபையில் எல்லாப் பொறுப்பும் போதகர் ஒருவர் மீதே விழுகிறது என்று இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். முப்பது பேருக்கும் குறைவாகக் கூடிய எங்கள் சபையிலும் நாற்காலிகளைப் போடுவது, பிரசங்கிப்பது, நோயாளிகளைச் சந்திப்பது ஆகிய எல்லாவற்றையும், வாரநாட்களில் வேறு வேலைக்குப் போய்க்கொண்டே நான்தான் செய்துவந்தேன். அந்தக் களைப்பு தூங்கி எழுந்தால் தீர்ந்துவிடும். என்னை உண்மையில் தளரவைத்தது காணிக்கைப் பைதான்.

ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் உட்கார்ந்து நானே எண்ணி, நானே கணக்கெழுதி, நானே வங்கியில் செலுத்திவந்தேன். பிறருக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேனே ஒழிய, அதில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்த சகோதரர் ஒருவர் ஜெபக்குறிப்பு சொல்வதற்காகக் கதவைத் திறந்தார். மேசையில் நோட்டுகள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. பேனாவை எடுப்பதற்காக என் கை சட்டைப்பைக்குள் இருந்தது. "பிறகு வருகிறேன், ஐயா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அதன்பின் சில வாரங்கள் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு நானாகப் போய்ப் பதில் சொன்னால் அதுவே சந்தேகத்தை வளர்க்குமோ என்று பயந்து நானும் பேசாமல் இருந்தேன்.

எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்த்த பணத்தை அப்போஸ்தலனாகிய பவுல் கையாண்ட விதத்தை வேதாகமத்தின் 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் மறுபடி வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பணத்துக்காகத் தன் உடன்வேலையாளான தீத்துவுடன் வேறு இரண்டு சகோதரர்களையும் அனுப்பும் அவர், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க விரும்புவதையே அதற்குக் காரணமாகச் சொல்கிறார். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட பாதுகாப்பு எனக்குத் தேவையில்லை என்று நான் எப்படி நினைத்தேன்?

முதலில் அந்தச் சகோதரரிடம் போய்ப் பேனா விஷயத்தைச் சொன்னேன். சந்தேகப்பட்டது உண்மைதான் என்றும், அப்படி நினைத்துவிட்டோமே என்ற வெட்கத்தில்தான் ஒதுங்கியிருந்ததாகவும் கண்கலங்கிச் சொன்னார். அவரையே காணிக்கை எண்ணக் கேட்டுக்கொண்டேன். ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் சபை அரங்கிலேயே எண்ணிக் கையெழுத்திட வேண்டும், மூன்றாமவர் வங்கியில் செலுத்த வேண்டும், காணிக்கை உறைகளில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கண்டதை வெளியே பேசக்கூடாது என்று முடிவு செய்தோம். பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவினராக இருக்கும் சபையில் இதற்கு ஆள் கிடைப்பதே கடினமாக இருந்தது. "ஐயாவை நம்பாதவர்கள்தான் இதைச் செய்வார்கள்" என்று மறுத்த ஒரு சகோதரிக்கு, இது என்னைக் காப்பதற்காகவே என்று பலமுறை விளக்க வேண்டியிருந்தது.

மாதக் கணக்கைச் சபையில் வாசிக்கத் தொடங்கியபின் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. வாடகையும் மின்கட்டணமும் போக என் குடும்பத்துக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைச் சபையார் அன்றுதான் அறிந்தார்கள். நான் வாய்திறந்து கேட்க முடியாமலிருந்த உதவித்தொகையைப் பற்றி அவர்களாகவே கூடிப் பேசினார்கள்.

யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியாது. எந்த வீட்டுக்குள் போனாலும் அந்த எண் என்னோடு உள்ளே வருவதில்லை.