புதுப்பிப்பு: லண்டன் பெண்ணுரிமை அமைப்பில் ஊதியமில்லாப் பயிற்சி, 20 மணிநேர வரம்பில் சேருமா?

படிப்புக் காலத்தில் வாரம் 20 மணிநேரம் வரை மட்டுமே வேலை செய்ய அனுமதிக்கும் மாணவர் விசாவில் லண்டனில் முதுகலை படிக்கும் நான், நூலகத்தில் வாரம் 10 மணிநேரம் வேலை செய்துகொண்டே ஒரு பெண்ணுரிமை அமைப்பில் வாரம் இரண்டு நாள் ஊதியமின்றிப் பயிற்சி பெறலாமா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

சம்பளம் இல்லையென்றால் கணக்கில் வராது என்ற பதில் தவறு. பயிற்சி ஒப்பந்தத்தை முழுதாகப் படிக்கச் சொன்னவரின் யோசனைதான் பயன்பட்டது. குறித்த நேரத்தில் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருந்ததால், பல்கலைக்கழக விசா ஆலோசகர் அதைத் தன்னார்வத் தொண்டாகக் கொள்ளாமல் ஊதியமில்லாப் பணியாகவே கருதி, படிப்புக் காலத்தில் நூலக வேலையும் பயிற்சியும் சேர்ந்து வாரம் 20 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது என்றார். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் குறைத்து மறுவாரம் கூட்டிச் சராசரி காட்ட இயலாது. எனவே பயிற்சியை ஒரே நாளாக, 8 மணிநேரமாகக் குறைத்துக்கொண்டேன்.

எதிர்பாராதது ஒன்று உண்டு. வன்முறைக்கு உள்ளான பெண்களுடன் பேசும் பணி என்பதால், டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனை தேவைப்பட்டது. அதற்குக் கடந்த 5 ஆண்டு முகவரிகளைத் தர வேண்டும். விடுதி மாறிய தேதிகளைத் தேடியெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அச்சோதனை வெளிநாட்டுப் பதிவுகளைப் பார்ப்பதில்லை என்பதால் இந்தியக் காவல்துறைச் சான்றிதழையும் தனியே கேட்டார்கள். அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.